கிரின்ஸ்டெட்டின் ஒரே ஐயர்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த ஆளாக இருப்பதில் பெருமையும் உண்டு, ஆபத்தும் உண்டு. நீங்கள் பிழையாக ஏதாவது சொன்னால் அதைத் திருத்த வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

எங்கள் அப்பா கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பவர். அம்மா கடைப் பலகையில் உள்ள எழுத்துகளைப் படம் பார்ப்பதுபோலப் பார்ப்பவர். அண்ணை தவராசா ஐந்தாம் வகுப்போடு கொப்பியைக் கூரையில் செருகிவிட்டு அப்பாவுடன் கடலுக்குப் போனவர். நான் ஒருத்திதான் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை வரை போய், அதைப் பாஸும் பண்ணியவள். எங்கள் ஒழுங்கையில் யாருக்கு ஆங்கிலத்தில் தந்தி வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நானும் வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, கருத்துச் சொல்லுவேன். (பாதியை ஊகித்துத்தான் சொன்னேன். ஒழுங்கைக்கு இன்றுவரை அது தெரியாது.)

இந்தத் தலைக்கனத்தை அப்படியே பெட்டியில் கட்டிக்கொண்டு எண்பத்தைந்தாம் ஆண்டு டென்மார்க்குக்கு வந்தேன். அண்ணையும் மச்சாளும் எனக்கு முன்பே வந்து கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். அண்ணைக்குத் தொழிற்சாலையில் வேலை. மச்சாள் ராணி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. நான் மொழிப் பள்ளிக்கூடத்தில் டெனிஷ் படித்தேன். ஒரு வருடத்துக்குள் கடைக்கு, வைத்தியரிடம், கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்கு என்று ஊரில் இருந்த தமிழ்ச் சனம் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் நான்தான். யாராவது "மலர் வந்தால்தான் அலுவல் நடக்கும்" என்று சொன்னால், கேட்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு இரண்டாம் தரமும் சொல்லவைப்பேன்.

ஊரில் இருந்த தமிழர்களில் பெரும்பாலானோர் இருபதுகளில் நின்ற பெடியள். ஆகவே நாற்பத்திரண்டு வயதான கந்தசாமி அண்ணைதான் எங்கள் பெரியவர். யாழ்ப்பாணத்தில் என்றால் பந்தியில் சோறு போட்டு ஓடித்திரிகிற வயது. இங்கே நாங்கள் அவருக்குக் கதிரை போட்டு, நல்லது கெட்டது கேட்டு, வேளைக்கே கிழவராக்கிவிட்டோம். அவர் ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். எல்லாக் கோயில் வாசலிலும் தன்னுடைய பஸ் நின்றதால் எல்லாக் கிரியையும் தனக்குத் தெரியும் என்பது அவருடைய வாதம்.

எண்பத்தாறாம் ஆண்டு மாரி முடிகிற நேரம் மச்சாளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. அதோடு வீட்டுக்குத் துடக்கும் வந்தது.

துடக்கு என்றால் மச்சாள் குசினிக்குள் போகக்கூடாது, சாமி விளக்குக் கொளுத்தக்கூடாது. முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து தண்ணீர் தெளித்தால்தான் கழியும். ஊரில் என்றால் ஐயருக்குச் சொல்லியனுப்பினால் சைக்கிளில் வந்துவிடுவார். கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸே நினைத்தபோதுதான் வரும். ஐயர் எங்கிருந்து வருவார்? அந்தக் காலத்தில் டென்மார்க் முழுவதும் தேடினாலும் எங்களுக்குத் தெரிய ஓர் ஐயர் இல்லை.

அம்மா பருத்தித்துறைக்குப் போய்த் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே பிடியாக நின்றார். "ஐயர் வராமல் ராணி அடுப்படிக்குப் போகப்படாது, சொல்லிப்போட்டன். வெள்ளைக்காரன்ரை நாடெண்டு நீங்கள் நினைச்சபாட்டுக்கு ஆடாதையுங்கோ. மலர், நீ படிச்சனிதானே, ஒரு வழி பார்!"

படிச்சனிதானே! அந்த ஒரு சொல்லுக்காக நான் வட துருவத்திலிருந்தும் ஓர் ஐயரைக் கொண்டு வந்திருப்பேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. மச்சாள் குசினிக்குள் போகாததால் சமையல் என் தலையில். ஏ.எல். பாடத்திட்டத்தில் பருப்புக் கறி கிடையாது. அண்ணை முதல் கிழமை பேசாமல் சாப்பிட்டார். இரண்டாம் கிழமை தொழிற்சாலைக் கன்ரீனில் அவித்துத் தரும் உருளைக்கிழங்கைப் புகழத் தொடங்கினார். மூன்றாம் கிழமை, "எங்கையாவது ஐயர் அம்பிட்டாரோ?" என்று தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

மச்சாளின் கவலை வேறு. குழந்தையை நிறுத்துப் பார்ப்பதற்கு கொம்யூனிலிருந்து ஒரு தாதி வருவார். நல்ல மனிசி. நிறுத்துவிட்டு ஏதோ எழுதுவார். அந்த எழுத்துத்தான் மச்சாளின் நித்திரையைக் கெடுத்தது. பிள்ளையைச் சரியாகப் பார்க்காவிட்டால் கொம்யூன் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று ஒரு கதை அப்போது எங்கள் சனத்திடையே உலாவியது. கந்தசாமி அண்ணை அதற்கு நெய் ஊற்றினார். "எழுதுகினம் எண்டால் எடுக்கப் போகினம் எண்டுதான் கருத்து" என்றார் கதிரையில் சாய்ந்தபடி. அதன் பிறகு தாதி வந்தால் மச்சாள் குழந்தையைத் தராசில் வைத்தாலும் ஒரு கையை எடுக்கமாட்டார். பிள்ளையின் நிறை எப்போதும் கொஞ்சம் கூடவே காட்டியது.

இந்த நிலையில்தான் குழந்தையின் பெயரைப் பதியப் போனோம். டென்மார்க்கில் பிறப்பைத் தேவாலய அலுவலகத்தில்தான் பதிய வேண்டும், நீங்கள் பிள்ளையாரைக் கும்பிட்டாலும் சரி. அங்கிருந்த எழுதுநர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயரைத்தான் போடுவோம். அவருடைய பிள்ளைக்கு அவருடைய பெயர்" என்றேன்.

"அப்படியென்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுமா?"

"மாறும்."

"பிறகு யார் யாருடைய ஆள் என்று எப்படித் தெரியும்?"

எங்கள் ஒழுங்கையில் அது எல்லோருக்கும் தெரியும், வேண்டாத அளவுக்கே தெரியும் என்று சொல்ல எனக்கு டெனிஷ் போதவில்லை. பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. ஒரு விஷயம் தெரியாமல் நிற்பது எனக்கு ஆகாது. நேராக நகர நூலகத்துக்குப் போய் குடும்பப் பெயர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை இறக்கி, அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன்.

அங்கே எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. இந்த ஊரில் கல்லெறிந்தால் விழுகிற யென்சன்களும் நீல்சன்களும் ஒரு காலத்தில் எங்களைப் போலத்தான் இருந்திருக்கிறார்கள். யென்ஸின் மகன் யென்சன். அவனுடைய மகனுக்கு வேறு பெயர். பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் அரசாங்கம் 'நில்' என்று சொல்ல, பெயர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அப்பாடா என்று புத்தகத்தை மூடப்போனவள், ஒரு பெயர் ஞாபகம் வந்து மறுபடி திறந்தேன்.

அண்ணை அப்போது கார் பழகிக்கொண்டிருந்தார். கிரின்ஸ்டெட்டில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன். பழக்குபவருடைய பெயர் எய்னர் கோஹன். காரின் கூரையிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான, மொட்டைத் தலை மனிதர். வாயில் எப்போதும் அணைந்த பைப் ஒன்று. தொலைபேசிப் புத்தகத்தில் யென்சன்கள் பக்கம் பக்கமாகப் போவார்கள். கோஹன் என்று எங்கள் ஊரில் இவர் ஒருவர்தான்.

புத்தகம் சொன்னது இது: கோஹன் என்பது யூதர்களின் மிகப் பழைய பெயர்களில் ஒன்று. எபிரேய மொழியில் பூசகர் என்று கருத்து. மோசேயின் தமையன் ஆரோனுடைய வழியில் வந்தவர்கள் இவர்கள். பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். படித்து எடுக்க முடியாது, பிறந்துதான் எடுக்க வேண்டும். கையை உயர்த்திச் சனத்தை ஆசீர்வதிப்பது இவர்களுடைய உரிமை. பிணம் கிடக்கும் இடத்துக்குப் போகக்கூடாது. யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்று கட்டுப்பாடு. நாட்டுக்கு நாடு கோன், கான், ககான் என்று பெயர் வேறு வேறு உடுப்பைப் போட்டுக்கொண்டாலும் ஆள் ஒன்றுதான்.

பிறப்பால் பூசகர்! தகப்பன் வழி! துடக்கு, தீட்டு! இதை எந்த மொழியில் எழுதினாலும் எங்கள் ஊரில் இதற்கு ஒரே பெயர்தானே? டென்மார்க் முழுவதும் தேடிக் கிடைக்காத ஐயர், வாரத்துக்கு இரண்டு தரம் எங்கள் வாசலில் வந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

அந்தப் பதிவு அடுத்த பக்கத்திலும் தொடர்ந்தது. நான் புரட்டவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

மறுநாள் அண்ணையை ஏற்ற வந்த காரை மறித்துக்கொண்டு நின்றேன். டெனிஷ் மொழியில் எல்லோரும் 'நீ'தான், அரசிக்கு மட்டும்தான் மரியாதை. ஓர் ஐயரை 'நீ' என்று விளிக்க எனக்கு நாக்குக் கூசியது. என்ன செய்வது, இலக்கணம்.

"உன்னுடைய பெயருக்குப் பூசகர் என்று கருத்தாமே, உண்மையா?"

கோஹன் பைப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார். "உண்மைதான். என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. அவருக்கு அவருடைய அப்பாவிடமிருந்து. அப்படியே ஆரோன் வரைக்கும். பரீட்சை ஒன்றும் இல்லை. கார் ஓட்டத்தான் பரீட்சை."

"எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்றேன் பெருமையாக. "எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. முப்பத்தோராம் நாள் ஒரு பூசகர் வரவேண்டும்."

அவர் எஞ்சினை நிறுத்தினார். "எத்தனையாம் நாள்?"

"முப்பத்தோராம் நாள்."

"ஆண்பிள்ளையா?"

"ஓம்… ஆம்."

"மூத்த பிள்ளையா?"

"ஆம்."

கோஹன் என்னை வினோதமாகப் பார்த்தார். பிறகு கார்க் கதவில் கைவைத்தபடி நின்ற அண்ணையைப் பார்த்தார். "இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லத் தேவையில்லை. எங்கள் சனத்துக்குக் காலங்காலமாகத் தெரியும்."

"ஐந்து வெள்ளிக்காசு வேண்டும். அதுவும் தெரியுமா?"

தட்சணை வாங்காத ஐயரை நான் எங்கே கண்டேன்? "தெரியும்" என்றேன்.

"என் அப்பா செய்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. இந்த ஊரில் யார் கூப்பிடுவது?" என்றார். பிறகு கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வருகிறேன்."

அன்று அண்ணைக்கு நடந்த பயிற்சியில், அவர் பிழையான பக்கம் திரும்பியபோதுகூட கோஹன் ஒன்றும் சொல்லவில்லையாம்.

வீட்டில் நான் செய்தியை அறிவித்த விதத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. கதிரையில் ஏறி நிற்கவில்லை, அதுதான் குறை. கந்தசாமி அண்ணை குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார்.

"வெள்ளைக்கார ஐயரோ? பூணூல் கிடக்கோ?"

"அவையின்ரை முறை வேறை. ஆனால் எங்கடை ஐயர்மாரைவிடப் பழசு. மூவாயிரம் வருசம்."

"மச்சம் மாமிசம் தின்னுவாரோ?"

"பண்டி அவைக்கு ஆகாது" என்றேன்.

"பாத்தியே, அரைவாசிச் சைவம்!" கந்தசாமி அண்ணை தொடையில் தட்டினார்.

அண்ணை தொண்டைக்குள் ஏதோ முனகினார். சந்தியிலுள்ள வண்டிக் கடையில் கோஹன் நின்று நீளச் சிவப்புப் பன்றி இறைச்சிச் சொசேஜ் தின்றதைத் தான் கண்ணால் கண்டதாக அவர் பிறகுதான் சொன்னார். அன்று சொல்லவில்லை. படித்த தங்கச்சி சொல்லும்போது குறுக்கே பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. பருப்புக் கறிக்கும் ஒரு முடிவு வரவேண்டுமே.

மச்சாள் மட்டும் அறை வாசலில் நின்று கேட்டார். "மலர், உனக்கு வடிவாத் தெரியுமோ?"

"மச்சாள், நான் புத்தகத்திலை பாத்தனான்."

அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

முப்பத்தோராம் நாளான ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள தமிழர் எல்லோரும் எங்கள் வீட்டில். கும்பத்துக்குச் செம்பு இல்லாமல் எவர்சில்வர் பால்சட்டி வைத்தோம். மாவிலை இல்லாமல் வாசலில் நின்ற பெயர் தெரியாத பச்சைச் செடியின் இலையை வைத்தோம். மஞ்சள் தண்ணீர் கரைத்து, நிலத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஊதுபத்தி கொளுத்தினோம். வெள்ளிக்காசு இல்லாததால் அண்ணை குரோனர் நாணயங்களில் மினுக்கமான ஐந்தைப் பொறுக்கி, புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்.

கோஹன் கறுப்புக் கோட்டுடன், தலையில் தொப்பியுடன், கையில் பூங்கொத்துடன் வந்தார். இரண்டு இரவு கோப்பன்ஹேகனில் இருக்கும் தமையனுடன் தொலைபேசியில் கதைத்து எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திக்கொண்டாராம். சப்பாத்தைக் கழற்றி, சொன்ன இடத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். (முழங்கால் முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.) கந்தசாமி அண்ணை பயபக்தியோடு மஞ்சள் தண்ணீரைக் கொண்டுபோய் முன்னால் வைத்தார். கோஹன் நன்றி சொல்லிவிட்டுக் குடிக்கத் தூக்கினார். நான் பாய்ந்து பறித்தேன்.

"சாந்தமான ஐயர்" என்றார் கந்தசாமி அண்ணை.

தலைமுழுகிய ஈரக் கூந்தலோடு, நல்ல சேலை கட்டி, மச்சாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தார். கோஹன் இரண்டு கையையும் நீட்டினார். மச்சாள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பிள்ளையை அவர் மடியில் வைத்தார். பிள்ளையும் சமர்த்தாக அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

கோஹன் முகம் மாறிப்போயிற்று. கார்க்காரருடைய முகம் இல்லை. அண்ணையை நேரே பார்த்து, மெதுவாக, கனமான குரலில் ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பில் ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்பது என்னுடைய தொழில் தர்மம். கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"அவர் கேக்கிறார், அண்ணை, உங்களுக்கு எது வேணும்? இந்தப் பிள்ளையோ, அஞ்சு வெள்ளிக்காசோ? பிள்ளை வேணுமெண்டால் காசைத் தரட்டாம். இல்லையெண்டால் பிள்ளையைத் தான் எடுப்பாராம்."

அண்ணை பிள்ளையைப் பார்த்தார், உள்ளங்கையிலிருந்த காசைப் பார்த்தார்.

அடுத்த கணம் மச்சாள் குனிந்ததையும் நிமிர்ந்ததையும் ஒருவரும் காணவில்லை. கோஹன் மடி வெறுமையாக இருந்தது. குளியலறைக் கதவு படார் என்று சாத்துப்பட்டு, பூட்டில் திறப்புத் திரும்பியது. வீட்டிலேயே உள்ளே பூட்டக்கூடிய கதவு அது ஒன்றுதான்.

"நான் அண்டைக்கே சொன்னன்!" கந்தசாமி அண்ணை எழும்பிவிட்டார். "எழுதுகினம், எடுக்கப் போகினம் எண்டு சொன்னன்! உவர் ஐயருமில்லை கொய்யருமில்லை. கொம்யூன் ஆள்!"

அண்ணை கையில் காசோடு என்னிடம் வந்தார். "மலர், வடிவாக் கேள். என்னவாம்?"

"நான் சொன்னதுதான் அண்ணை. பிள்ளையோ காசோ எண்டு."

"கார் பழக்கிற மனிசனுக்கு என்ரை பிள்ளை என்னத்துக்கு?"

கோஹன் பாவம், சம்மணத்திலிருந்து எழும்ப முடியாமல் ஒரு கையை ஊன்றியபடி என்னிடம் கேட்டார். "தகப்பன் என்ன சொல்கிறார்? அவர் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது."

அதையும் மொழிபெயர்த்தேன். வேறென்ன செய்வது? "பதில் சொல்லாமல் விடமாட்டாராம்."

குளியலறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கடற்கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்துக்குக் கேட்கும் குரல். "காசைக் குடுங்கோ! அஞ்சில்லை, அம்பது குடுங்கோ! வீட்டிலை இருக்கிறது முழுக்கக் குடுங்கோ! என்ரை பிள்ளையைத் தரமாட்டன்!"

பிறகு கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியால் ஒரு தங்கக் காப்பு சறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நிலத்தில் ஒரு வட்டம் போட்டு விழுந்தது. அதற்குப் பின்னால் மற்றதும் வந்தது.

கோஹன் ஒருமாதிரி எழும்பி, குளியலறை வாசலுக்கு வந்தார். இரண்டு காப்பையும் குனிந்து எடுத்தார். "என்ன சொன்னார்?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

அவர் அப்படியே கதவுக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார். முதலில் சிரித்தார். பிறகு கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"அதுதான் பதில்" என்றார். "அவருக்குச் சொல், அதுதான் சரியான பதில்."

கதவோடு வாய் வைத்து நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அன்று முதல் தடவையாகப் பெருமை இல்லாமல் மொழிபெயர்த்தேன். மூத்த ஆண்பிள்ளை பிறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு கோஹனைக் கூப்பிடுவது யூதர்களின் வழக்கம். மூத்தவன் கடவுளுக்குரியவன் என்பதால், தகப்பன் ஐந்து காசு கொடுத்து அவனைக் கோஹனிடமிருந்து மீட்டெடுப்பார். பிள்ளையா காசா என்று கேட்பதற்குத்தான் கோஹன். பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் காசை வைத்துக்கொண்டவர் என்று எவரும் இல்லை. அந்தப் பதிலைக் கேட்பதற்காகத்தான் அந்தக் கேள்வியே. "சில தகப்பன்மார் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள் என்று என் அப்பா சொல்லுவார்" என்றார் கோஹன். "தாய்மார் ஒருவரும் யோசித்ததில்லையாம்."

உள்ளே பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கோஹன் கையிலிருந்த காப்பைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார். ஜெர்மன்காரர் யூதர்களைப் பிடித்த போர்க்காலத்தில் அவர் சின்னப் பெடியனாக இருந்தபோது, ஓர் இரவு மீன்பிடி வள்ளத்தில் ஒளித்துச் சுவீடனுக்குப் போனார்களாம். வள்ளக்காரருக்குக் கொடுக்கக் காசு போதாமல் அவருடைய அம்மா கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாராம். "இரண்டு காப்பு. இதுபோலத்தான். இதைவிட மெல்லியது" என்றார்.

அண்ணை கோஹனுக்குப் பக்கத்தில் நிலத்தில் வந்து இருந்தார். அவருக்கு வள்ளத்தைப் பற்றி யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

உள்ளேயிருந்து மச்சாள் கேட்டார். "அப்ப உவர் கொம்யூன் இல்லையோ?"

"இல்லை மச்சாள். கார் பழக்கிறவர்தான்."

"கார் பழக்கிறவரை ஏனடி ஐயர் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனி?"

ஊரே நின்று என்னைப் பார்த்தது. இந்தக் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. ஏ.எல். பாஸ் பண்ணியவள், அகராதியும் கையுமாகத் திரிந்தவள், குளியலறைக் கதவைப் பார்த்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் நான் மொழிபெயர்க்காமல் விட்ட ஒரே வசனம் அதுதான். கோஹன் கேட்டும் சொல்லவில்லை.

மச்சாள் கதவைத் திறக்கவில்லை. "நம்புறன். ஆனால் திறக்கமாட்டன்" என்றார். கோஹன் பரவாயில்லை என்றார். எழும்பி, இரண்டு கையையும் கதவை நோக்கி உயர்த்தி, விரல்களை இரண்டு இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு, எபிரேய மொழியில் ஆசீர்வாதத்தைச் சொல்லத் தொடங்கினார். நடுவில் மறந்துவிட்டது. நின்று, நெற்றியைத் தேய்த்து, முதலிலிருந்து தொடங்கினார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஊரில் ஐயர் சொல்லுவது மட்டும் விளங்கியதா என்ன? எல்லோரும் கைகூப்பி நின்றோம்.

முடிந்ததும் கந்தசாமி அண்ணை தொண்டையைச் செருமினார். தீர்ப்பு வழங்கவேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது. "மந்திரம் சொல்லியாச்சு. சொன்னவர் பிறப்பாலை பூசகர். பிள்ளை, உள்ளுக்கை பைப்பிலை தண்ணி வருதுதானே? உன்ரை தலையிலையும் பிள்ளையின்ரை தலையிலையும் தெளிச்சுப்போட்டு வெளியாலை வா. துடக்குக் கழிஞ்சுது."

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு பிள்ளையின் அழுகை கேட்டது (அந்த மாதத்தில் குளிர்தண்ணீர் என்றால் யாருக்குத்தான் அழுகை வராது?). பிறகு திறப்புத் திரும்பியது. மச்சாள் வெளியே வந்தார். கோஹனிடமிருந்து காப்புகளை வாங்கிப் போட்டுக்கொண்டார். அண்ணை கொடுத்த ஐந்து காசையும் கோஹன் பிள்ளையின் துணிக்குள் திருப்பி வைத்தார். மச்சாள் அதையும் எண்ணிப் பார்த்துவிட்டு, பிள்ளையை என் கையில் தராமல் அண்ணை கையில் கொடுத்துவிட்டு, நேரே குசினிக்குள் போனார். நான் வைத்திருந்த சாம்பாரை மூடி திறந்து மணந்து பார்த்தார். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தார்.

அடுத்த கிழமை நூலகத்துக்குப் போய் அந்த மற்றப் பக்கத்தை வாசித்தேன். பழைய ஆலயம் இடிந்து எத்தனையோ காலமாயிற்று என்றும், கோஹன்களுக்கு இப்போது பூசை ஒன்றும் இல்லை, மிஞ்சியிருப்பது இரண்டொரு சடங்குதான் என்றும், மற்றப்படி உலகமெல்லாம் பரந்து எல்லாத் தொழிலும் செய்கிறார்கள் என்றும், பெயர் இருப்பவரெல்லாம் அந்த வழியினர் என்றோ அந்த வழியினர் எல்லாருக்கும் இந்தப் பெயர் என்றோ சொல்லமுடியாது என்றும் எழுதியிருந்தது. முப்பத்தோராம் நாளைப் பற்றியும் இருந்தது. ஐந்து காசைப் பற்றியும் இருந்தது. கேள்வியையும் அப்படியே போட்டிருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து மச்சாளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அதற்குள் அண்ணைக்கு லைசன்ஸ் கிடைத்து, மச்சாளும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கி, கோஹன் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு தின்கிற ஆளாகிவிட்டார். மச்சாள் தொலைபேசியில் தானே அவரைக் கூப்பிட்டார். அவர் வந்து, இரண்டாவது பிள்ளைக்கு அந்தச் சடங்கு இல்லை, பெண்பிள்ளைக்கும் இல்லை, தனக்கு உரிமை கிடையாது என்று விளங்கப்படுத்தப் பார்த்தார்.

மச்சாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், என்ரை மகளை ஒருத்தரும் கேக்கமாட்டினமோ?"

பிள்ளையைக் கொண்டுவந்து கோஹன் மடியில் வைத்தார். நான் மொழிபெயர்ப்பதற்கு வாயைத் திறந்தேன். மச்சாள் என் பக்கம் திரும்பவும் இல்லை. தொழிற்சாலையில் பழகிய டெனிஷில், கோஹன் முகத்துக்கு நேரே, "கேள்!" என்றார்.

கோஹன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கனமான குரலில், பிள்ளையா காசா என்று கேட்டார்.

மச்சாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பிழையில்லாத டெனிஷில் பதில் சொன்னார். "பிள்ளையும் தரமாட்டேன், காசும் தரமாட்டேன். வேண்டுமென்றால் குடிக்கக் கோப்பி தரலாம்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டாலும், அது கார்த் திறப்பாக இருக்கட்டும், நூறு குரோனர் கைமாற்றாக இருக்கட்டும், குசினியிலிருந்து வருகிற பதில் அதுதான். பிள்ளைகளும் அதைப் பழகிவிட்டார்கள். போன கிழமை நான் அண்ணையின் மகளிடம், "உனக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தரவோ? மாமி படிச்சனான்" என்று கேட்டேன். அவள் கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள், "கோப்பி வேணுமோ, மாமி?"